மரத்துக்கு ஒரு வயது, படகுக்கு ஒரு வயது

வாலாஜாப்பேட்டையைத் தாண்டி, பாலாற்றை ஒட்டிய ஓர் ஊரில் என் மாமாவுக்குக் கிணறு இருக்கிறது. போன கோடையில் அதைத் தூர்வாரியபோது சேற்றுக்கடியிலிருந்து ஒரு மரம் வந்தது. ஆள் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். நடுவில் குடைந்திருந்தது. ஒரு முனை கூம்பி இருந்தது, இன்னொரு முனை உடைந்துபோயிருந்தது. சாயங்காலத்துக்குள் வாட்ஸாப்பில் வீடியோ வந்துவிட்டது: "பாலாற்றில் 2000 ஆண்டு பழைமையான தமிழன் படகு!" இரண்டு நாளில் அந்த 2000, 3000 ஆனது. யாரும் மரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, வயது மட்டும் ஏறிக்கொண்டே போனது.

மாமா போன் செய்தார். "கார்பன் டெஸ்ட் எடுத்தா படகு எந்தக் காலத்துதுன்னு சொல்லிடுவாங்களாமே, எங்கப்பா குடுக்கணும்?"

எங்கே கொடுப்பது என்பதைச் சொல்வது சுலபம். லக்னோவில் பீர்பல் சாஹ்னி நிறுவனம் இருக்கிறது, டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்கான முடுக்கி மையம் இருக்கிறது, அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வகம் இருக்கிறது. கீழடி மாதிரிகள் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகம் வரை போய்வந்தன. ஆனால் மாமா கேட்டதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. எந்த ஆய்வுக்கூடமும் படகின் வயதைச் சொல்வதில்லை. மரத்தில் நீங்கள் வெட்டிக் கொடுத்த அந்தச் சில்லு எப்போது வளர்ந்தது என்பதை மட்டும்தான் சொல்லும். அங்கிருந்து படகின் வயதுக்கு வந்து சேர்வது தனிப் பயணம். செய்திகளில் தவறிப்போவது பெரும்பாலும் அந்த இடைவழியில்தான்.

முதலில் அந்தச் சில்லின் கணக்கு. காற்றில் இருக்கும் கரியமில வாயுவில் சாதாரணக் கார்பனோடு கதிரியக்கக் கார்பனும் துளி கலந்திருக்கிறது. அதற்குப் பெயர் கார்பன்-14. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் நைட்ரஜனை மாற்றி இதை ஓயாமல் உண்டாக்குகின்றன. ஒரு லட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்று, ஏறக்குறைய அவ்வளவுதான். மரம் இலை வழியாக உணவு தயாரிக்கும்போது இதுவும் சேர்ந்து உள்ளே போகிறது. புதிய கார்பன் வருவது நின்றதும், உள்ளே இருக்கும் கார்பன்-14 மெல்லச் சிதைய ஆரம்பிக்கிறது.

வேலூர்க்காரர்களுக்கு 'அரை ஆயுள்' புதுச் சமாச்சாரம் இல்லை. தைராய்டு சிகிச்சைக்குக் கதிரியக்க அயோடின் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களிடம் "கொஞ்ச நாள் குழந்தையைத் தூக்காதீங்க" என்று சொல்லி அனுப்புவதை எத்தனையோ குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. அந்த அயோடின் 8 நாளில் பாதியாகும். அடுத்த 8 நாளில் அந்தப் பாதியில் பாதியாகும். கார்பன்-14 போவதும் இதே போக்கில்தான், 8 நாளுக்குப் பதிலாக 5,730 ஆண்டு. 2,000 வருஷத்துக்கு முந்தைய மரத்தில் தொடக்கத்தில் இருந்ததில் நூற்றுக்கு 78, 79 பங்கு மிச்சமிருக்கும். 10,000 வருஷம் என்றால் 30 பங்கு. 50,000 ஆண்டைத் தாண்டினால் அளக்கும்படி எதுவும் மிஞ்சாது. திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களை இந்த முறையில் அளக்கவே முடியாது என்பது அதனால்தான். அவை கோடிக்கணக்கான ஆண்டுக் கதை.

முன்பெல்லாம் சிதைவை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். அதற்குக் கைப்பிடி மரம் வேண்டும், பழம்பொருளை வைத்திருப்பவருக்கு வயிறு எரியும். இப்போது முடுக்கி நிறைமானி என்ற கருவி சிதைவுக்குக் காத்திருக்காமல் அணுக்களையே எண்ணிவிடுகிறது. சில மில்லிகிராம் கார்பன் போதும். தீக்குச்சித் தலை அளவு மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறையின் பிறப்பிலேயே ஒரு படகு இருக்கிறது. சிகாகோவில் வில்லார்டு லிபி தன் கணக்கு சரிதானா என்று சோதிக்க, வயது ஏற்கெனவே தெரிந்த மரங்களைத் தேடினார். எகிப்திய அரசன் மூன்றாம் செசோஸ்திரிஸின் ஈமப் படகு ஒன்று அதே ஊரில் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருந்தது. அதன் தளப்பலகையிலிருந்து ஒரு துண்டு அவருக்குக் கிடைத்தது. அரசர் பட்டியலின்படி ஏறக்குறைய 3,750 ஆண்டு பழசு. லிபியின் அளவீடு அதற்குப் பக்கத்தில் வந்து நின்றது. 1949-இல் வெளியான அந்தச் சோதனைப் பட்டியலில் கல்லறை உத்திரம், சவப்பெட்டி ஆகியவற்றோடு இந்தப் படகுப் பலகையும் இருக்கிறது. 1960-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. ஆக, படகுக்குக் கார்பன் வயது சொன்னது என்பதைவிட, கார்பன் முறைக்குப் படகு சாட்சி சொன்னது என்பதே சரி.

லிபி அரை ஆயுளை 5,568 என்று வைத்திருந்தார். பின்னால் அது 5,730 என்று திருத்தப்பட்டது. ஆனால் முதலில் வெளியான தேதிகளோடு குழப்பம் வரக் கூடாது என்பதற்காக ஆய்வுக்கூடங்கள் இன்றும் திருத்தம் செய்யாத பச்சை வயதைப் பழைய எண்ணிலேயே கணக்கிட்டு, பிறகு சீர்செய்கின்றன. தாலுகா ஆபீஸ் பழக்கம் போல இருக்கிறதே என்று எனக்குத் தோன்றும்.

அந்தச் சீர்செய்தல்தான் அடுத்த படி. 'இத்தனை ஆண்டுகளுக்கு முன்' என்று ஆய்வுக்கூடம் எழுதினால், அந்த 'முன்' 1950-இலிருந்து எண்ணப்படுகிறது. அதன் பிறகு அணுகுண்டுச் சோதனைகள் காற்றின் கார்பன்-14 அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிட்டதால், 1950-ஐ எல்லைக்கல்லாக வைத்தது நல்லதாகவே போயிற்று. அதற்கு முன்பும் காற்றில் இதன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. சூரியனின் போக்கு, பூமியின் காந்தப்புலம் என்று ஏற்ற இறக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. வயது திட்டமாகத் தெரிந்த மரவளையங்களை ஒவ்வொன்றாக அளந்து ஒரு திருத்தக் கோடு வரைந்திருக்கிறார்கள். அந்தக் கோடு சில இடங்களில் நெளிகிறது, சில இடங்களில் படுத்தேவிடுகிறது. படுத்த இடத்தில் மாட்டினால் எந்தக் கருவியாலும் நெருக்கமான தேதி தர முடியாது. நம் துரதிர்ஷ்டம், கி.மு. 800 முதல் 400 வரை அது நன்றாகப் படுத்திருக்கிறது. கீழடியில் பேசப்பட்ட கி.மு. 580 அந்தச் சமவெளிக்குள்தான் வருகிறது. கீழடி பழசில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒற்றை எண்ணைப் பிறந்த தேதி போலப் பிடித்துக்கொள்ளக் கூடாது, அது ஒரு வீச்சின் நடுப்புள்ளி என்று மட்டும் அர்த்தம். தேதிக்குப் பக்கத்தில் 'கூட்டல் கழித்தல் 30' என்று இருக்கும் அந்தச் சின்ன எண் பத்திரிகைக்கு வருவதற்குள் எப்படியோ உதிர்ந்துவிடுகிறது.

வைரம் மட்டும் மிஞ்சினால்

நான் மாமா ஊருக்குப் போனபோது, அவர் ஆற்காட்டிலிருந்து ஓர் ஆசாரியையும் வரச் சொல்லியிருந்தார். அறுபதைத் தாண்டியவர். மரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார், முகர்ந்தார், ஓரத்தைத் தடவினார். "மருது மாதிரி தெரியுது. வெள்ள பூரா போயிடுச்சு, வைரம்தான் கீது" என்றார். எந்த ஆய்வுக்கூடமும் அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க முடியாத விஷயம் அது.

மரத்தின் வெளிப்பக்கம் இருக்கும் இளமரத்தைத்தான் வெள்ளை என்கிறார்கள். வேரிலிருந்து நீர் ஏறுவது அதன் வழியாகத்தான். நடுவில் இறுகிக் கறுத்து நிற்பது வைரம். 'வைரம் பாய்ந்த கட்டை' என்று கிழவர்களைப் பாராட்டுகிறோமே, அந்த வைரம் உயிரோடு நிற்கும் மரத்துக்குள்ளேயே செத்துப்போன பகுதி. ஒவ்வொரு வளையமும் அது உண்டான ஆண்டோடு காற்றுக்கும் தனக்கும் உள்ள கணக்கை முடித்துக்கொள்கிறது. அதனால் 300 வயது மரத்தை இன்று வெட்டி, நடுவிலிருந்து ஒரு சில்லை அனுப்பினால் '300 ஆண்டு பழசு' என்று பதில் வரும். கோடரியின் ஈரம்கூடக் காய்ந்திருக்காது. ஆய்வுக்கூடத்தின் மேல் தப்பே இல்லை. கேட்டதற்குச் சரியாகவே சொல்லியிருக்கிறது.

படகில் இந்தச் சிக்கல் மற்றப் பொருள்களைவிட அதிகம். விறகுக்குச் சுள்ளி போதும், படகுக்குப் பெருமரம் வேண்டும். அதாவது வயதான மரம். பலகைப் படகு என்றால் தச்சர் வெள்ளையை வேண்டுமென்றே சீவி எறிவார், பூச்சி முதலில் அதைத்தான் தின்னும் என்பது அவருக்குத் தெரியும். ஆக, காலம் சொல்லக்கூடிய கடைசி வளையங்கள் பட்டறையிலேயே போய்விடுகின்றன. ஒற்றை மரத்தைக் குடைந்த தோணியில் நிலைமை கொஞ்சம் தேவலை. குடைந்து எடுத்தது பழைய நடுமரம். அடிப்பக்கத்தில் வெளி வளையங்கள் தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. மாதிரி எடுக்கிறவர் பட்டைக்கு மிக அருகில் இருந்த இடத்தைத் தேடி எடுக்க வேண்டும், எடுக்க வசதியான உடைந்த முனையிலிருந்து அல்ல. வெள்ளையும் பட்டையும் இல்லாத மரத்தில் கிடைக்கும் தேதிக்கு ஒரே பொருள்தான்: படகு இதற்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது. எவ்வளவு பின்னால் என்பதற்கு அதில் பதில் கிடையாது.

இதோடு மறுபயன்பாடு வேறு. நம் பக்கத்தில் பழைய வீட்டைப் பிரித்தால் உத்திரம் வீணாகாது, புது வீட்டுக்கு நிலைக்கால் ஆகும். செங்கடல் கரையில் பெரனிகே என்ற பழைய எகிப்தியத் துறைமுகத்தில் தோண்டியபோது கட்டடங்களில் இந்தியத் தேக்கு ஏராளமாகக் கிடைத்தது. கப்பலாகப் போன மரம், கப்பல் ஆயுள் முடிந்ததும் பாலைவனத்தில் வீடாகிவிட்டது. நல்ல மரம் கிடைக்காத ஊர், தேக்கை யார் விடுவார்கள்? அந்த உத்திரத்தின் கார்பன் வயது நம் மேற்குமலைச் சரிவில் ஒரு மரம் வளர்ந்த காலம். கப்பல் கட்டிய காலம் அதற்குப் பிறகு, வீடு கட்டிய காலம் இன்னும் பிறகு. ஒரே மரத்துக்கு மூன்று பிறந்தநாள்.

அனுபவமுள்ளவர்கள் அதனால்தான் மரத்தைவிட மரத்தோடு இருந்த குப்பையை விரும்புகிறார்கள். பலகைகளைச் சேர்த்துத் தைத்த தேங்காய்நார்க் கயிறு, இடுக்கில் அடைத்த கலப்பற்று, அடித்தளத்தில் சிந்திய தானியம். நார் ஓரிரு வருஷப் பொருள், நெல் ஒரு போகத்துப் பயிர். சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று தேதி வந்தபோது அது எடுபட்டதற்கு ஒரு காரணம் இதுவே. நெல்மணிக்கு வைரம் கிடையாது. கலப்பற்றில் மட்டும் ஓர் எச்சரிக்கை. குங்கிலியமும் மீனெண்ணெயும் என்றால் பரவாயில்லை. நிலத்தடியிலிருந்து வந்த தார் பூசியிருந்தால் அதன் கார்பன் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே செத்தது. நூற்றுக்கு 1 பங்கு கலந்தாலே வயது 80 ஆண்டு கூடிவிடும்.

தொட்டியா, தோணியா

மாமா வீட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்து பார்த்தார். "இது இன்னா படகு? ஏத்தத்துல தண்ணி கொட்டற தொட்டிடா இது, எங்க அப்பன் ஊட்ல இருந்துச்சு" என்று ஒரே போடாகப் போட்டார். கூட்டம் பாதியாகக் கலைந்தது.

பாட்டி சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. உலகத்திலேயே பழைய படகு என்று சொல்லப்படுவது நெதர்லாந்தின் பெஸ்ஸே தோணி. 1955-இல் நெடுஞ்சாலை போடத் தோண்டியபோது சதுப்புக்குள்ளிருந்து வந்தது. 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், அரை மீட்டருக்கும் குறைவான அகலம், ஒரே பைன் மரத்தைக் குடைந்தது. கார்பன் தேதி கி.மு. 8040-க்கும் 7510-க்கும் இடையில். அதற்கும் இதே சந்தேகம் வந்தது: இது படகு இல்லை, மாட்டுத்தொட்டி போன்ற ஏதோ ஒன்று என்று சிலர் சொன்னார்கள். அத்தனை பழைய காலத்தில் அங்கே வளர்ப்பு மாடு ஏது என்று பதில் வந்தது. கடைசியில் 2001-இல் அதே அளவில் ஒன்றைக் குடைந்து தண்ணீரில் விட்டு, ஆளை உட்காரவைத்துத் துடுப்புப் போட்டுப் பார்த்தார்கள். மிதந்தது, ஓடியது. வயதைச் சொன்ன கருவியால் இந்தச் சண்டையைத் தீர்க்க முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். தமிழில் சொல்லே இதற்கு இடம் கொடுக்கிறது. தசரதன் உடலை வைத்த தைலத் தோணி ஆற்றில் போவதற்கானது அல்லவே.

நைஜீரியாவில் துஃபுனா என்ற ஊரில் 1987-இல் கிடைத்ததும் கிணற்றுக் கதைதான். மாடு மேய்ப்பவர் ஒருவர் கிணறு தோண்டப் போய் 8 மீட்டருக்கு மேல் நீளமான தோணியைக் கண்டார். ஏறக்குறைய 8,000 ஆண்டு பழசு. அதை யாரும் தொட்டி என்று சொல்லவில்லை. அவ்வளவு நீளத் தொட்டி எதற்கு?

வளையம் எண்ணும் ஊர்களும் நம் ஊரும்

கார்பனைவிடத் துல்லியமான முறை ஒன்று உண்டு, மரவளையம். நல்ல மழை பெய்த ஆண்டில் வளையம் தடிக்கும், வறண்ட ஆண்டில் மெலியும். ஒரே வட்டாரத்து மரங்களில் இந்தத் தடிப்பு மெலிவு வரிசை ஒத்துப்போகும். இன்றைய மரம், பழைய வீட்டு உத்திரம், அதற்கும் பழைய உத்திரம் என்று கோத்துக்கொண்டே பின்னால் போனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு ஒரு பஞ்சாங்கம் கிடைக்கும். படகின் பலகையை அதில் பொருத்திப் பார்த்தால் ஆண்டே தெரிந்துவிடும்.

டென்மார்க்கின் ரோஸ்கில்டே கழிமுகத்தில் 1962-இல் எடுத்த வைக்கிங் கப்பல்களில் ஒன்று ஸ்குல்டெலெவ்-2. நீண்ட போர்க்கப்பல். அதன் ஓக் வளையங்கள் டென்மார்க் பஞ்சாங்கத்தில் பொருந்தவே இல்லை. அயர்லாந்தின் டப்ளின் பக்கத்து வரிசையில் பொருந்தின. 1042-இல் அங்கே கட்டிய கப்பல். வயது கேட்டுப் போனவர்களுக்குப் பிறந்த ஊரும் கிடைத்தது. நார்வேயின் ஓசெபெர்க் கப்பல் இன்னும் அழகு. கப்பல் 820 வாக்கில் கட்டப்பட்டது. அதைப் புதைக்கும்போது அதன் மேல் எழுப்பிய மரக்கூடத்துக்கான மரம் 834-இல் வெட்டப்பட்டது. கூடத்து மரத்தில் பட்டை வரைக்கும் வளையம் இருந்ததால் அந்த ஆண்டைச் சொல்ல முடிந்தது. கட்டிய காலமும் புதைத்த காலமும் வேறு வேறு என்று மரமே பிரித்துச் சொல்லிவிட்டது. நியூயார்க்கில் உலக வணிக மையம் இருந்த இடத்தில் 2010-இல் தோண்டியபோது ஒரு பழைய கப்பலின் மிச்சம் கிடைத்தது. அதன் மரங்கள் 1773 வாக்கில், ஃபிலடெல்ஃபியா பக்கம் வெட்டியவை என்று வளையம் சொன்னது.

சரி, நமக்கு? இங்கேதான் பொறாமையாக இருக்கிறது. குளிர்நாட்டு மரம் பனிக்காலத்தில் வளர்ச்சியை நிறுத்திக் கோடு போட்டுக்கொள்கிறது. நம் பக்கத்து மரங்கள் பலவற்றுக்கு அப்படி ஆண்டு தவறாமல் ஓய்வு கிடையாது, வளையம் தெளிவாக விழாது. விழுந்தாலும் ஓர் ஆண்டுக்கு ஒன்றுதான் என்று நம்ப முடியாது. தேக்கு விதிவிலக்கு, கோடையில் இலையை உதிர்த்துவிட்டு நிற்பதால் வளையம் உண்டு. கேரளத் தேக்குகளிலிருந்து 1481 முதல் 2003 வரை 523 ஆண்டு நீள வரிசை ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். தென்னிந்தியப் பருவமழையைப் படிக்க அருமையான ஆவணம். ஆனால் அது விஜயநகரக் காலத்தோடு நின்றுவிடுகிறது. சோழர் காலத்துப் பலகை ஒன்று கிடைத்தாலும் பொருத்திப் பார்க்கப் பஞ்சாங்கத்தில் பக்கம் இல்லை.

பனைமரத்தைக் குடைந்ததாக இருந்தால் இன்னும் மோசம், பனைக்கு வளையமே கிடையாது. உள்ளே வைரம் உள்ளதை 'அகக் காழ்' என்றும் வெளியே வைரம் உள்ளதை 'புறக் காழ்' என்றும் பிரித்து, முதலாவதை மரம் என்றும் இரண்டாவதைப் புல் என்றும் தொல்காப்பியம் வகுத்திருப்பது படிக்கும்போது இலக்கணமாகத்தான் தெரியும். வளைய ஆய்வுக்கு எது உதவும், எது உதவாது என்பதற்கும் அதே பிரிவுதான். தென்னை, பனை, மூங்கில் மூன்றும் புல் கட்சி.

எண்ணெய் தடவாதீர்கள்

பூமிக்கடியில் நீரில் ஊறிக் கிடந்த மரம் கெடாமல் இருப்பதற்குக் காரணம், அங்கே காற்று புகாததால் அழுகவைக்கும் நுண்ணுயிர்களும் கறையானும் வாழ முடியாது. மரத்துக்குள் செல்சுவர் கரைந்து, அந்த இடத்தைத் தண்ணீர்தான் தாங்கிக்கொண்டிருக்கும். வெளியே எடுத்து வெயிலில் வைத்தால் தண்ணீர் போகும், மரம் சுருங்கி வெடிக்கும். இதைத் தடுக்க அருங்காட்சியகங்கள் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளை ஏற்றுகின்றன. 1628-இல் மூழ்கி 1961-இல் தூக்கப்பட்ட சுவீடன் கப்பல் வாசா மேல் இதை 17 ஆண்டு தெளித்தார்கள்.

அந்த மெழுகு பெட்ரோலியத்திலிருந்து வருவது. அதாவது செத்த கார்பன். சைப்ரஸ் கரையில் 1960-களில் எடுக்கப்பட்ட கைரீனியா கப்பலில் இதன் விளைவைப் பார்க்கலாம். கிரேக்கக் காலத்துச் சரக்குக் கப்பல், மரம் முழுக்க மெழுகேறிவிட்டது. பின்னாளில் அதைக் கழுவிவிட்டு அளந்து பார்த்தும் தேதி சரியாக அமையவில்லை. 2024-இல் வெளியான ஆய்வில் மெழுகு படாமல் தப்பிய சிறு மரத்துண்டையும் கப்பலில் இருந்த பாதாம் கொட்டைகளையும் எடுத்துக்கொண்டார்கள். அப்போதும் இடித்தது. கடைசியில் அந்தக் காலகட்டத்துத் திருத்தக் கோட்டையே புது மரவளையங்களை அளந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் கப்பல் மூழ்கியது கி.மு. 296-க்கும் 271-க்கும் இடையில் என்று வந்தது. ஒரு கப்பலுக்குத் தேதி கேட்கப் போய், கேள்வி கேட்ட அளவுகோலே திருத்தப்பட்டது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கதை இது.

இந்தக் கதையை மாமாவிடம் சொல்லக் காரணம் இருந்தது. நான் போன அன்று மரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாயிற்று, மறுநாள் "காஞ்சு போகுதே" என்று யாரோ எண்ணெய் தடவ ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். வார்னிஷ் அடிக்கலாம் என்று இன்னொருவர். இரண்டுமே கூடாது. சோதனைக்குச் சில்லு எடுப்பதென்றால் எதையும் பூசுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். பஞ்சிலோ துணியிலோ காகிதத்திலோ சுற்றக் கூடாது, அவையும் செடியிலிருந்து வந்தவை, நார் ஒட்டிக்கொள்ளும். சமையலறை அலுமினியத் தாள் போதும். எங்கே, எவ்வளவு ஆழத்தில், எந்த மண்ணுக்குள் கிடந்தது என்று எழுதிவைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குக் காசே வேண்டாம், ஆனால் இதைத்தான் யாரும் செய்வதில்லை.

மண் ஏன் முக்கியம் என்றால், மரத்தைச் சுற்றியிருந்த மணலுக்கும் வயது பார்க்கலாம். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்பதை ஒளித்தூண்டல் முறை சொல்லும். மரத்துக்கு மேலே ஒரு மணலடுக்கு, கீழே ஒரு மணலடுக்கு என்று இரண்டுக்கும் தேதி கிடைத்தால், மரம் அங்கே வந்து படிந்த காலம் நடுவில் சிக்கிக்கொள்ளும். கார்பனால் முடியாத வேலை இது. வெள்ளத்தில் உருண்டு வந்த மரமாக இருந்தால் அது செத்த காலமும் புதைந்த காலமும் பல நூறு ஆண்டு விலகியிருக்கும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது எத்தனை மரங்கள் எங்கெங்கோ போய்ச் செருகிக்கொண்டன என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பாலாற்றில் அடுக்கு கலையாத மணல் எங்கே மிஞ்சியிருக்கிறது? லாரி லாரியாகப் போனது மணல் மட்டும் இல்லை, அந்த மணல் வைத்திருந்த தேதியும்தான்.

பாலாற்றில் படகா என்று சிரிப்பவர்கள் உண்டு. இன்றைய ஆற்றைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் இந்த ஆறு கடலில் சேரும் வயலூருக்குப் பக்கத்தில் வாசவசமுத்திரத்தில் 1970-இல் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடி ஓடுகள் கிடைத்தன. காவேரிப்பாக்கம் ஏரி போன்ற பெருநீர் இருந்த மாவட்டம் இது. ஏரியில் வலை வீசவும் வெள்ளக்காலத்தில் அக்கரை போகவும் ஏதோ ஒன்று மிதந்திருக்கத்தானே வேண்டும். தெப்பமோ பரிசலோ குடைமரமோ, அது நமக்குக் கிடைக்காமல் போனதற்கு வெயிலும் கறையானும் போதுமான காரணம். கிடைத்த இடங்களைப் பாருங்கள். கேரளத்தில் பட்டணத்தில் 2007-இல், கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியதாகச் சொல்லப்படும் 6 மீட்டர் ஆஞ்சிலித் தோணி படகுத்துறைச் சேற்றுக்குள்ளிருந்து வந்தது. சேர்த்தலைக்குப் பக்கத்தில் தைக்கல் என்ற ஊரில் இடைக்காலத்துப் பெரும்படகு ஒன்று, 18 மீட்டருக்கு மேல் நீளம், அதுவும் நீர் ஊறிய நிலத்தடியிலிருந்து. காயாத சேறு எங்கே இருக்கிறதோ அங்கேதான் மரம் இருக்கும். நம் பக்கத்தில் அப்படிப்பட்ட இடம் ஏரியின் அடிவண்டலும் பாழுங்கிணறும் தவிர அதிகம் இல்லை.

வட ஆற்காட்டுக்கும் கார்பன் தேதிக்கும் உறவு பழையது. இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. அங்கே கிடைத்த புதிய கற்கால மிச்சத்துக்கு கி.மு. 1390 வாக்கில் என்று கார்பன் தேதி வந்தது. தோண்டியவர் எஸ்.ஆர். ராவ். அதற்கு முன்பே குஜராத்தின் லோத்தலில், கப்பல்துறை என்று அவர் சொன்ன அந்தப் பெரிய செங்கல் தொட்டியைக் கண்டவர். பிற்பாடு 1980-களில் துவாரகையிலும் பூம்புகாரிலும் கடலுக்கடியில் ஆட்களை இறக்கியவர். லோத்தலில் இருப்பது கப்பல்துறையா குடிநீர்த் தொட்டியா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. பாட்டியின் கேள்வி அங்கேயும் வந்திருக்கிறது, அளவுதான் பெரிது.

மாமாவின் மரம் இப்போது பம்புசெட் கொட்டகைக்குள், ஈரச் சாக்குக்கு அடியில் கிடக்கிறது. தினமும் சாயங்காலம் இரண்டு குடம் தண்ணீர். தாசில்தாருக்கு ஒரு கடிதம், தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கூம்பிய முனையின் அடிப்பக்கத்தில் விரல் அகலத்துக்கு வெளிறிய கீற்று ஒன்று தெரிந்தது. ஆசாரி மறுபடி வந்து பார்த்துவிட்டு, "இங்க மட்டும் கொஞ்சம் வெள்ள நின்னுடுச்சு சார்" என்றார். மாதிரி எடுப்பதானால் அங்கேதான். அந்த இடத்தில் மாமா ஒரு நூலைக் கட்டி வைத்திருந்தார். பருத்தி நூல். அவிழ்த்துவிட்டு, ஒரு கம்பியைச் சுற்றிவிட்டு வந்தேன்.